கதவில்லாத ஏணிப்படி

லம்ஜத் என்ற பேரை நான் முதலில் கேட்டது என் அக்கா ஃபத்தூமா வீட்டில், காயப்போட மிளகாய் கோத்துக்கொண்டிருந்த நாளில். அவளுடைய மூத்த மகள் நஸீஹாவைப் பெண் கேட்டு ஆள் வந்து போயிருந்தது.

"பையன் பேரு லம்ஜத். தக்காளி ஆலையில கரண்டு வேலை," என்றாள் அக்கா.

"கரண்டு வேலையா? அப்ப தைரியசாலிதான்," என்றேன்.

"தைரியசாலியா! அவன பெத்தவளே சொல்லிட்டுப் போறா, எம்புள்ள பயந்த சுபாவம், உங்க பொண்ணு சத்தம் போட்டுப் பேசாம இருந்தாப் போதும்னு. நம்ம நஸீஹா சத்தம் போடாம இருப்பாளா, நீயே சொல்லு!"

பெற்றவள் ம்பார்காவை எனக்குத் தெரியும். என் மாமியாரின் சித்தப்பா மகளுக்கு அவள் நாத்தனார். அவள் புருஷன் மன்ஸில் ஹுர் என்ற ஊரில் ஒரு கிணற்று மோட்டாரை ஈரக் கையோடு தொட்டுச் செத்தவர். அப்போது லம்ஜத்துக்கு ஏழு வயது. சாப்பாடு எடுத்துக்கொண்டு போய், முதலில் பார்த்தவன் அவன்தான். அப்படிப் பார்த்த பிள்ளை கரண்டு வேலைக்கே ஏன் போனான் என்று நானும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

"எது கொல்லும்னு தெரிஞ்சுகிட்டா கொஞ்சமாவது தூங்கலாம் சித்தி," என்றான்.

கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் குடிவந்தார்கள். நானும் அதே ஆலையில்தான் பருவத்துக்குப் பருவம் வேலை பார்த்தேன். ஜூலை முதல் செப்டம்பர் வரை பெல்ட்டில் நின்று அழுகிய தக்காளியைப் பொறுக்கி எறிகிற வேலை. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பெண்கள், இரண்டு பக்கமும் முப்பது பேர். லம்ஜத் ஒரு கம்பியைத் தொடுவதற்கு முன் மூன்று தடவை சோதித்துப் பார்ப்பான். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வருவான், திரும்பிப் போய் இறங்கித்தான் இருக்கிறதா என்று பார்ப்பான், வந்து சோதனை விளக்கு வைத்துப் பார்ப்பான். என் ஓரகத்தி ஷாத்லியா, என் கணவரின் தம்பி மனைவி, அவனை விடவே மாட்டாள். நஸீஹா அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தால் ஆரம்பித்துவிடுவாள்.

"ஏண்டி நஸீஹா, உன் புருஷன் உன்னையும் டெஸ்டர் வெச்சுத் தொட்டுப் பாத்துட்டுத்தான் கட்டிலுக்கு வருவானா?"

பெல்ட் முழுக்கச் சிரிக்கும். லம்ஜத் காது சிவந்துபோய் பெட்டி அறைக்குள் நுழைந்துகொள்வான்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலையின் எல்லா மோட்டாரும் அந்தப் பெட்டி சொல்கிறபடிதான் ஓடும், நிற்கும். பெட்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தருவது ஒரு படம். ஏணி என்பார்கள். இத்தாலியிலிருந்து ரென்ஸோ என்ற ஒருவன் மெஷினோடு வந்து மூன்று வாரம் இருந்தான். அவனுக்கு நம் பேச்சு தெரியாது, லம்ஜத்துக்கு அவன் பேச்சு தெரியாது. ஆறாம் வகுப்போடு நின்றவன் லம்ஜத். ஆனால் ஏணி இரண்டு பேருக்கும் புரிந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் வரைந்து வரைந்தே வேலையை முடித்தார்கள்.

எனக்கே ஒரு நாள் காட்டியிருக்கிறான். இரண்டு பக்கமும் இரண்டு கம்பம், நடுவே படிகள். "இடது கம்பத்துலேருந்து கரண்டு கிளம்புது சித்தி. வலது கோடியில மோட்டார் உக்காந்திருக்கு. நடுவுல இருக்கறதெல்லாம் கதவு. இது பொத்தான், இது மூடி, இது சிவப்புக் கயிறு. எல்லாக் கதவும் திறந்திருந்தாத்தான் கரண்டு போய்ச் சேரும். நீங்க கயிற இழுத்தா இந்தக் கதவு சாத்திக்கும். மோட்டார் நிக்கும்." கரண்டு எதுவரை வந்து நின்றிருக்கிறது என்று திரையில் பச்சையாகத் தெரியும். எந்த மோட்டார் நின்றாலும் அவன் போய் ஒரு பார்வை பார்ப்பான், எந்தக் கதவு சாத்தியிருக்கிறது என்று சொல்லிவிடுவான். பதினோரு வருஷம் அப்படி ஓடியது.

பெல்ட் ஓரமாக நான்கு இடத்தில் தொங்கும் சிவப்புக் கயிறுதான் எங்களுக்கு உயிர். பெல்ட்டின் முடிவில் தக்காளி ஒரு தொட்டியில் விழும். தொட்டிக்குள் ஆள் நீளத்துக்கு ஒரு திருகு, இறைச்சி அரைக்கிற மெஷினுக்குள் இருக்குமே, அது மாதிரி. ஷிஃப்ட் முடியும்போது ஒருத்தி தோள்வரை கைவிட்டு அதில் சிக்கிய தோலையும் கொடியையும் எடுத்துக் கழுவ வேண்டும். சட்டப்படி மெயினை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டுதான் கைவிட வேண்டும். சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனால் பூட்டு மேற்பார்வையாளர் அறையில் இருக்கும். அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டு வாங்கி வரக் கால் மணி ஆகும். அதனால் நாங்கள் கயிற்றை இழுத்துவிட்டுக் கையை விட்டுவிடுவோம். கயிறு ஒரு நாளும் எங்களைக் கைவிட்டதில்லை. லம்ஜத்துக்கு அது தெரியும். பயந்தவன்தான், ஆனாலும் ஒன்றும் சொன்னதில்லை. ஏணியில் அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று அவனுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும் அல்லவா, அதனால்.

பன்னிரண்டாம் வருஷம் பெட்டி எரிந்துபோனது. புதுப் பெட்டி வந்தது, அதோடு தலைநகர் துனிஸிலிருந்து யுஸ்ரா என்ற எஞ்சினியர் பெண்ணும் வந்தாள். நல்ல பெண். எங்களோடு உட்கார்ந்து ரொட்டியை ஹரிஸா மிளகாய் விழுதில் தோய்த்துச் சாப்பிடுவாள். அவள் ஏணி வரையவில்லை. எழுதினாள்.

"இது என்ன, கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி இருக்கு? படம் எங்கம்மா?" என்று லம்ஜத் கேட்டதை நான் பக்கத்தில் இருந்தே கேட்டேன்.

"படமா வரைஞ்சா இருநூறு பக்கம் வரும் அண்ணே. எழுத்துல நாலே பக்கம். ஒரு மோட்டார் பேரத் தேடினா நொடியில வந்து நிக்கும். வேற ஆலையில எழுதினத எடுத்து இங்க ஒட்டிக்கலாம். படத்துல அது முடியுமா?"

"படத்துல கரண்டு எங்க நிக்குதுன்னு தெரியுமே."

"இதுலயும் தெரியும். படிச்சாப் போதும்." அவள் கேலியாகச் சொல்லவில்லை. "படிச்சீங்கன்னா ஒரு வாரத்துல பழகிடும். புரியலன்னா கேளுங்க, நான் இங்கதான இருக்கேன்."

அவன் கேட்கவில்லை. அவள் எழுதியது இங்கிலீஷில். பள்ளியில் சொல்லித்தந்த பிரெஞ்சையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் அவன். ஆலை மேலாளர் ஸீ ஹஷ்மி பக்கத்தில் நின்றிருந்தார். தெரியாது என்று சொன்னால் தெரிந்த ஒருவனைக் கொண்டுவருவார், அது எல்லோருக்கும் தெரியும். பெல்ட்டை ஓடவிட்டு லம்ஜத் நான்கு கயிற்றையும் ஒவ்வொன்றாக இழுத்தான். நான்குக்கும் நின்றது. எழுதியதைப் படித்துச் சரிபார்த்தேன் என்று உறுதி சொல்கிற ஒரு தாளை யுஸ்ரா நீட்டினாள்.

"படிச்சுப் பாத்தீங்களா அண்ணே?"

"பாத்துட்டேன்."

கையெழுத்துப் போட்டான். அவள் நான்கு பக்கத்தையும் பெட்டிக் கதவின் உட்புறம் செருகிவிட்டு ஊருக்குப் போனாள்.

அதிலிருந்து அவன் முகம் மாறிவிட்டது. நஸீஹா என்னிடம் வந்து, "அவருக்கு சாப்பாடு இறங்க மாட்டேங்குது சித்தி, வயித்துல புண்ணோ என்னமோ," என்றாள். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஆகஸ்டு இரண்டாம் வாரம் ஒரு புதன்கிழமை. முந்தின நாள் மழை பெய்து சேறும் தக்காளியுமாக வந்திருந்தது. கழுவுகிற முறை என்னுடையது. கழுவல் பொத்தானை அழுத்திவிட்டுக் கயிற்றை இழுத்தேன், திருகு நின்றது. கையை விட்டுத் தோலை இழுத்து இழுத்துப் போட்டேன். மண் அதிகம், நேரம் ஆனது. தலைத்துணி கண்ணில் சரிந்தது, அதை ஒதுக்கக் கையை வெளியே எடுத்தேன். திருகு அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

நான் கத்தவில்லை. கையைப் பார்த்தேன், ஐந்து விரலும் இருந்தன. கயிறு இழுத்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. எனக்கே கண் ஏமாற்றியதோ என்று ஒரு எண்ணம். வீட்டுக்குப் போகிற வழியில் லம்ஜத்திடம் சொன்னேன்.

"இன்னிக்கு கழுவும்போது திருகு ஒரு தடவ அசைஞ்சுதுப்பா."

"கயிறு?"

"இழுத்துத்தான் இருந்துச்சு."

அவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு, "தண்ணி கனத்துல நகந்திருக்கும் சித்தி," என்றான். அவன் சொன்னதை அவனே நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஒவ்வொரு கழுவலுக்கும் வந்து மெயின் பக்கத்தில் நின்றான். "என்னப்பா, எங்கள காவல் காக்கறியா? இல்ல, உள்ள விழுந்தா எடுத்து டப்பாவுல அடைக்கலாம்னு நிக்கறியா?" என்றாள் ஷாத்லியா. அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நான் அவளிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கண்ணால் பார்த்த எனக்கே நிச்சயமில்லை, என்னவென்று சொல்வது என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடும், லம்ஜத்துக்கு மட்டும் ஓய்வு. எனக்கு இரண்டு மணி ஷிஃப்ட். பகல் பன்னிரண்டு மணிக்கு, சுட்ட ரொட்டி கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். நஸீஹா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் முன்னால், பெட்டிக் கதவிலிருந்து எடுத்துவந்த அந்த நான்கு பக்கம்.

"சித்தி, இவரு படிக்காமயே கையெழுத்துப் போட்டிருக்காரு சித்தி! மூணு வாரமா வயித்துல நெருப்ப வெச்சுகிட்டு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல!"

"அழுதது போதும், படி," என்றான் லம்ஜத். அவன் குரல் எனக்கு அந்நியமாக இருந்தது. "நீ படி. நான் வரையறேன்."

நஸீஹா பள்ளி இறுதிவரை போனவள். இங்கிலீஷ் ஓரளவு தெரியும். அவள் ஒரு வரி படித்துச் சொல்வாள், அவன் தக்காளி அட்டைப்பெட்டியைப் பிரித்து வெள்ளைப் பக்கத்தில் ஒரு படி வரைவான். "பொத்தான் அழுத்தியிருந்தா, அதோட மூடி சாத்தியிருந்தா, அதோட கயிறு இழுக்காம இருந்தா, பெல்ட்டு ஓடும்." மூன்று கதவு, ஒரு மோட்டார். அடுத்தது. அடுத்தது. கயிற்றுக் கதவு வருகிற இடத்தில் மட்டும் சிவப்புப் பேனா.

"எழுத்து ஒண்ணும் கஷ்டமில்லையே," என்றாள் நஸீஹா பாதியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சமையல் குறிப்பு மாதிரி சுலபமாத்தான் எழுதியிருக்கா. இத கேட்டிருந்தா நான் அன்னிக்கே படிச்சுச் சொல்லியிருப்பேனே."

அவன் இன்னோர் அட்டையைப் பிரித்தான். அட்டை ஐந்து, ஆறு என்று தரை முழுக்கப் பரவியது. திருகு முதல் பக்கத்தில் வந்தது. மூன்று கதவும் இருந்தன, கயிறும் இருந்தது. அவன் மூச்சு விட்டான். நானும் விட்டேன்.

நான்காம் பக்கத்தின் பாதியில் நஸீஹா படித்தாள். "கழுவல் ஆரம்பிச்சு இருவது நிமிஷம் ஆச்சுன்னா, திருக மூணு நொடி சுத்து. தண்ணி வடியறதுக்காம்."

"மேல?"

"மேல ஒண்ணுமில்ல. அடுத்த வரி வேற."

"மறுபடி படி."

மறுபடி படித்தாள். அவன் வரைந்தான். இடது கம்பத்திலிருந்து ஒரே கோடு. கழுவல், இருபது நிமிஷம். பிறகு வெறும் கோடு, வலது கோடியில் திருகு. சிவப்பு எங்கும் இல்லை. மற்ற எல்லா அட்டையிலும் சிவப்பு இருந்தது, இதில் இல்லை. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது, எனக்கே தெரிந்தது.

"கதவே இல்ல," என்றான். "திருக ரெண்டு எடத்துல எழுதியிருக்கா. பின்னால எழுதினது முன்னால எழுதினத அடிச்சுட்டுப் போகும். கயிற இழுத்தாலும் சுத்தும்."

பிறகு யுஸ்ரா சொல்லித்தான் தெரிந்தது, அந்த வரி வேறோர் ஆலையிலிருந்து எடுத்து ஒட்டியது. அங்கே பூட்டுப் போடாமல் யாரும் தொட்டிப் பக்கம் போக மாட்டார்கள். நாங்கள் கயிற்றை நம்பிக் கைவிடுகிறவர்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியதைப் படித்து, அப்படித்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று முப்பத்தைந்து. காலை ஷிஃப்டின் கழுவல் ஒன்றரைக்கு ஆரம்பித்திருக்கும்.

லம்ஜத் வாசல் காவலாளி பஷீருக்குப் போன் போட்டான். "மெயின இறக்கு! ஓடிப் போய் இறக்கு!"

பஷீரின் குரல் எனக்கும் கேட்டது. "என்னது? ஸீ ஹஷ்மி சொல்லாம நான் எப்படி இறக்குவேன்? ரோட்டுல நாப்பது டிராக்டர் நிக்குது, என்ன கொன்னுடுவாங்க."

"தொட்டியில யாரு?"

"ஷாத்லியா. சேறு ஜாஸ்தி, இன்னிக்கு லேட்டாகும்னா. ஏன், என்ன விஷயம்?"

மோட்டார் சைக்கிளில் அவன் பின்னால் நான் எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. அறுபத்திரண்டு வயது எனக்கு அப்போது. ஆலைக்கு ஒன்பது நிமிஷ வழி. வழியெல்லாம் டிராக்டர் வரிசை, தக்காளிச் சாறு ரோட்டில் வழிந்து வழுக்கியது. ஏதோ சொல்லிக்கொண்டே ஓட்டினான். ஓதுகிறான் என்று நினைத்தேன். காதை வைத்துக் கேட்டால், நிமிஷத்தை எண்ணுகிறான். "பதிமூணு ஆச்சு. பதினாலு ஆச்சு."

உள்ளே நுழைந்தபோது அவள் தெரிந்தாள். தொட்டி விளிம்பில் வயிற்றை மடக்கி, வலது கை தோள்வரை உள்ளே, கன்னம் தகரத்தில் ஒட்டியிருக்க, அந்த இரைச்சலிலும் ஒரு கல்யாணப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். நான் அவளை நோக்கி ஓடினேன். லம்ஜத் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகப் போய் மெயினை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினான். பம்பு நின்றது, காற்றாடி நின்றது, டப்பா மூடுகிற மெஷின் நின்றது. ஆலை முழுக்க ஒரு சத்தம் இல்லை. ஷாத்லியாவின் பாட்டு மட்டும் ஒரு வரி தனியாகக் கேட்டு நின்றது.

"எந்தக் கழுதடா கரண்ட நிறுத்தினது?" என்று தலையைத் தூக்கினாள்.

ஸீ ஹஷ்மி ஓடிவந்தார். "பைத்தியமாடா உனக்கு? கொதிகலன்ல சாறு கருகுது! யார கேட்டு நிறுத்தின?"

"படிக்காம கையெழுத்துப் போட்டேன் ஸீ ஹஷ்மி," என்றான் லம்ஜத். முப்பது பெண்கள் முன்னால் சொன்னான். "எனக்கு அத படிக்கத் தெரியாது. இப்பத்தான் தெரிஞ்சுது. கயிறு திருக நிறுத்தாது."

"நிறுத்தலயா? இவ்வளவு நாளா நிறுத்திச்சே!"

"இருவது நிமிஷம் பாருங்க."

பூட்டை வரவழைத்து மெயினைப் பூட்டி, சாவியை ஸீ ஹஷ்மி கையிலேயே கொடுத்து, எல்லோரையும் தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்தினான். பஷீர் மத்தியானத்துக்கு வைத்திருந்த தர்பூசணியை எடுத்துத் திருகின் பல்லுக்கு நடுவே வைத்தான். சாவியை வாங்கி மெயினை ஏற்றினான். கழுவல் பொத்தானை அழுத்தினான். கயிற்றை இழுத்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். "பாத்தியா, ஒண்ணுமில்ல," என்றார் ஸீ ஹஷ்மி. "வெளிய ஒவ்வொரு வண்டியிலயும் சரக்கு அழுகுது." தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. லம்ஜத் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். சுற்றக்கூடாது என்று வேண்டினானா, சுற்ற வேண்டும் என்று வேண்டினானா, எனக்குத் தெரியாது. சுற்றாவிட்டால் அவன் வேலை போகும். சுற்றினால், மூன்று வாரமாக அவன் எங்களை எதன்முன் நிறுத்தியிருந்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

திருகு சுற்றியது. மூன்று நொடிதான். தர்பூசணி இருந்த இடத்தில் சிவப்பாக ஏதோ வழிந்தது. கயிறு இழுத்தபடியே தொங்கியது.

ஷாத்லியா ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். அன்றைக்கு அவள் ஒரு கேலியும் பேசவில்லை. அந்த வாரம் முழுக்கவே கேலி பேசவில்லை.

திங்கட்கிழமை யுஸ்ரா வந்தாள். முகத்தில் ரத்தமில்லை. முதலில் அந்த வரியில் கயிற்றைச் சேர்த்தாள். அது போதாது என்று, பெட்டியையே கேட்காமல் கயிறு நேராக மோட்டாரை நிறுத்தும்படி தனிக் கம்பி இழுக்கச் சொன்னாள். லம்ஜத்தோடு உட்கார்ந்து இருவருமாகவே இழுத்தார்கள்.

"நீங்க கேட்டிருந்தா நான் வரைஞ்சே காட்டியிருப்பேனே அண்ணே. ஏன் கேக்கல?"

"பயமா இருந்துச்சும்மா."

"என்னப் பாத்தா?"

"உன்ன இல்ல. தெரியாதுன்னு சொல்றதுக்கு."

அவள் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள். "நானும்தான் கேக்கல," என்றாள். "எப்படிக் கழுவறீங்கன்னு ஒரு தடவ வந்து பாத்திருக்கலாம். சுவத்துல ஒட்டினதயே படிச்சுகிட்டு இருந்துட்டேன்."

அந்த வாரமே ஸீ ஹஷ்மி லம்ஜத்தை அனுப்பிவிட்டார். படிக்காமலே கையெழுத்துப் போட்டவனை வைத்துக்கொள்ள முடியாது என்றார். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஷாத்லியா மட்டும் அவர் அறைக்குப் போய், "என் கை இருக்குதுன்னா அவனாலதான்," என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். நாங்கள் யாரும் அவனுக்காகப் பெல்ட்டை விட்டு வெளியே வரவில்லை. பருவம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. நான் அதற்கு வெட்கப்படுகிறேன்.

ஒரு வருஷம் அவன் வீட்டில் இருந்தான். நஸீஹா தையல் வேலை செய்து சமாளித்தாள். பூட்டு இப்போது தொட்டிக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது. நான் வேலையை விட்ட வருஷம் வரை அதைப் போடாமல் யாரும் கைவிட்டு நான் பார்க்கவில்லை. லம்ஜத்துக்கு இன்றும் ஆகஸ்டு வந்தால் சோறு இறங்குவதில்லை என்று நஸீஹா சொல்கிறாள்.

லம்ஜத் இப்போது கெலிபியா மீன் துறைமுகத்து ஐஸ் ஆலையில் கரண்டு வேலை பார்க்கிறான். காலை ஆறு மணிக்குப் போகிறான், இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறான்.